சூனியக்காரனுக்கு வெல்டர் வேலை

சூனியக்காரனுக்கு வெல்டர் வேலை வாங்கிக் கொடுத்தது நான்தான். அப்போது நான் ஏழாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் குடும்பத்தில் அதுவரை யாரும் ஏறாத உயரம் அது. வாப்பா எழுத்துக் கூட்டும் முன்பே திருநெல்வேலியிலிருந்து தாராவிக்கு, தோல் பட்டறைக்கு, எங்கள் பேச்சில் கார்கானாவுக்கு, வந்துவிட்டவர். உம்மாவுக்குக் கைநாட்டு. காக்கா, அதாவது என் அண்ணன், பள்ளிக்கூடத்தின் வாசல்வரை போய்விட்டு வாப்பாவோடு பைகளுக்குத் தோல் வெட்ட உட்கார்ந்துவிட்டான். அதனால் எங்கள் சந்தில் இங்கிலீஷில் எது வந்தாலும், மருந்துச் சீட்டோ கரண்ட் பில்லோ, என்னிடம்தான் வரும். அந்தப் பெருமை எனக்குக் கொஞ்சம் அதிகம். இன்றும் அது குறைந்துவிடவில்லை.

அந்தப் பெட்டியும் அப்படித்தான் என்னிடம் வந்தது. உம்மாவின் தம்பியான மாமா, செம்பூர் அடுக்குமாடிகளில் பழைய பேப்பர் எடுப்பவர். வெளிநாட்டுக்குக் கிளம்பிய ஒரு குடும்பம் வீட்டைக் காலி செய்தபோது பேப்பரோடு பேப்பராகத் தள்ளிவிட்ட பெட்டி அது. மூடியில் நெருப்பு கக்கும் சிறகு முளைத்த பல்லி. உள்ளே இரண்டு மெல்லிய இங்கிலீஷ் புத்தகங்கள், நாலு முகம், எட்டு முகம், இருபது முகம் என்று நான் கண்டேயிராத பகடைகள்.

"எடைக்குப் போட மனசு வரல புள்ள. என்னதுன்னு படிச்சுச் சொல்லு" என்றார் மாமா.

பள்ளிக்கூட அகராதியை வைத்துக்கொண்டு படித்தேன். அது ஒரு விளையாட்டு. ஆனால் பலகை கிடையாது. ஒருவர் கதை சொல்ல வேண்டும். மற்றவர்கள் அந்தக் கதைக்குள் ஆளாக நுழைந்து, பாழடைந்த கோட்டைகளில் பூதங்களோடு சண்டை போட வேண்டும். நினைத்தது நடக்குமா என்பதைப் பகடை சொல்லும். உள்ளே நுழைகிறவர்கள் ஆளுக்கொரு வகையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். புத்தகம் அதற்கு என்னவோ பெயர் வைத்திருந்தது. நாங்கள் அதை 'வேலை' என்றோம். எங்கள் சந்தில் ஒரு ஆளைப் பற்றி முதலில் கேட்பதே அதைத்தானே.

காக்கா வாள்வீரன் வேலையை எடுத்துக்கொண்டான். மாமாவின் மகனான மச்சான் கள்ளன் ஆனான். கள்ளன் இருட்டில் மறைவான், சுவர் ஏறுவான், பூட்டுத் திறப்பான். பக்கத்து வீட்டு வெல்டர் அண்ணாச்சியின் மகள் என் வகுப்புத் தோழி. அவளுக்கு மிஞ்சியது சூனியக்காரன். ஒரே அடியில் செத்துப்போவான், இரும்புச் சட்டை போடக் கூடாது, வாளைத் தொடக் கூடாது. ஆனால் நாளுக்கு ஒரு தடவை தூரத்தில் நின்றபடியே நெருப்பை எறிவான். கதை சொல்கிற ஆள் நான். வேறு யாருக்குப் படிக்கத் தெரியும்?

மூன்று நாள்தான் நிம்மதியாக ஆடினோம். நாலாம் நாள் பள்ளிவாசலில் அந்தி மஃரிப் தொழுகைக்குப் பாங்கு சொல்லி முடித்த கையோடு, "இப்போ சூனியக்காரன் மந்திரம் ஓதுதான்!" என்று நான் உரக்கச் சொன்னது அடுப்படியில் இருந்த உம்மாவின் காதில் விழுந்தது. அடுப்படி என்பது அதே அறையின் மறுபக்கம். கரண்டியோடு வந்து நின்றாள்.

"சூனியமும் சூதுக்காயும் ஒரே பெட்டியில வச்சுக் கொண்டாந்திருக்கான் எந்தம்பி. நல்ல வரத்துதான்."

"சும்மா விளையாட்டு உம்மா…"

"விளையாட்டுக்குச் சூனியம் வைப்பியோ நீ?"

பெட்டி பரணுக்குப் போயிற்று. வெள்ளிக்கிழமை பேப்பர் லாரி வரும்போது மாமா அதைத் திரும்ப எடுத்துப்போக வேண்டும் என்று தீர்ப்பும் ஆயிற்று. அன்று செவ்வாய்க்கிழமை. வகுப்பில் ஆசிரியர் சொல்வதை எழுதுகிறவளாக இருந்த நான், இந்த விளையாட்டில்தான் சொல்கிறவளாக ஆகியிருந்தேன். நான் கதவு திறந்தது என்றால் திறந்தது. பெட்டி போனால் அதுவும் போய்விடும்.

மறுநாள் பள்ளியில் கணக்குப் பாடம் நடக்கும்போது எனக்கு அந்த யோசனை வந்தது. சூனியக்காரனைச் சூனியக்காரன் என்று எதற்குச் சொல்ல வேண்டும்? அவன் செய்வது என்ன, தூரத்தில் நின்று நெருப்பை எறிகிறான், அவ்வளவுதானே. எங்கள் சந்திலேயே அதைச் செய்கிற ஆள் இருக்கிறாரே! விதிகள் அப்படியே இருக்கட்டும், ஆளை மாற்றிவிடலாம். நாளுக்கு ஒரே ஒரு தடவை என்பது ஏன்? சிலிண்டரில் அவ்வளவுதான் கேஸ். வாளைத் தொடக் கூடாது என்பது ஏன்? ஒரு கையில் வெல்டிங் துப்பாக்கி, மறு கையில் மாஸ்க்.

தோழியிடம் சொன்னேன். அவளுக்கு வேலை பிடித்துவிட்டது, ஆனால் ஒரு இடத்தில் முறைத்தாள்.

"ஏட்டி, எங்கப்பா ஒத்த அடியில விழுந்துருவாவளா? அவுக உடம்பப் பாத்திருக்கியா நீ?"

நியாயமான கேள்வி. பலவீனம் சூனியக்காரக் கிழவனுக்குப் பொருந்தியது, அண்ணாச்சிக்குப் பொருந்தவில்லை. பலத்தைக் கூட்டினால் விளையாட்டு கெட்டுவிடும். நெருப்பும் எறிந்து அடியும் தாங்குகிற ஆள் இருந்தால் காக்காவின் வாள்வீரன் எதற்கு? சந்து முனைக்கு வந்ததும் அவளே சொன்னாள்: "மாஸ்க்க எறக்கிட்டா பக்கத்துல யாரு நிக்கான்னு அப்பாவுக்குத் தெரியாது. ஒரு நாளு எங்கம்மா டீ கொண்டுபோய் நின்னுட்டு, திட்டு வாங்குனா." அது போதும். கிட்டே வந்து அடிக்கிறவனை வெல்டரால் தடுக்க முடியாது. விதி ஓர் எழுத்தும் மாறவில்லை. காரணம் மட்டும் வந்து உட்கார்ந்துகொண்டது.

மச்சானின் கள்ளனுக்கும் வேறு வேலை பார்த்தோம். டிக்கெட் இல்லாமல் லோக்கல் ரயிலில் போகிறவன் ஆனான். மறைவது, ஏறுவது, நழுவுவது எல்லாம் அவனுக்கும் தெரியும். பூட்டுத் திறப்பதுதான் இடித்தது. அதை விட்டுவிட்டுக் கூட்டத்துக்குள் நுழைந்து வெளியேறும் திறமையைக் கொடுத்தேன். "எக்தம் நான்தான், அப்படியே நான்!" என்றான் மச்சான் பெருமையாக.

பகடைதான் கடைசிச் சிக்கல். சூதுக்காயை உம்மா ஒருநாளும் ஒப்புக்கொள்ள மாட்டாள். ஆனால் எங்கள் சந்தில் குழாயடியில் யார் முதலில் தண்ணீர் பிடிப்பது என்பது சீட்டு எடுத்துத்தான் தீர்மானமாகும், அதில் உம்மாவே கைவிட்டு எடுப்பாள். காக்கா கார்கானாவின் கழிவுத் தோலில் வட்ட வட்டமாக வில்லைகள் அடித்துக் கொடுத்தான். ஒன்று முதல் இருபதுவரை எண் எழுதி ஒரு துணிப்பையில் போட்டோம். குழாயடி வழக்கப்படி, எடுத்த சீட்டைப் பை காலியாகும்வரை திரும்பப் போடக் கூடாது. பகடைக்கு நேற்று விழுந்தது நினைவிருக்காது. எங்கள் பைக்கு நினைவிருந்தது. காக்கா அதைச் சீக்கிரமே பிடித்துக்கொண்டான். சின்ன எண்களெல்லாம் வெளியே வரும்வரை ஓரமாக நின்று மீசை முளைக்காத இடத்தைத் தடவிக்கொண்டிருப்பான். பையில் பெரிய எண்கள் மட்டும் மிஞ்சும்போது வாளை உருவுவான். "இவன் வீரன் இல்ல, கணக்குப் பாக்குற பனியா" என்று மச்சான் கத்துவான்.

வியாழக்கிழமை மாலை எல்லாவற்றையும் உம்மாவிடம் சொன்னேன். பைகளுக்குக் கைப்பிடி தைத்துக்கொண்டே கேட்டாள். ரயில்காரன் வந்தபோது வாயை முந்தானையால் மூடிக்கொண்டாள். வெல்டர் வந்தபோது ஊசியை நிறுத்தி என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

"அப்ப சூனியம் இல்ல?"

"இல்லவே இல்ல உம்மா. வெல்டிங்."

"சரி. ஆனா ஞாயித்துக்கிழமை மத்தியானம் மட்டுந்தான். அந்த இங்கிலீசு புஸ்தகத்த மொதல்ல சத்தமாப் படிக்கணும், பொறவு தமிழ்ல சொல்லணும். வாசப்பக்கம் உக்காந்து."

பெட்டி பிழைத்தது. உம்மா ஏமாந்துவிட்டாள் என்று தோழியிடம் குதித்துக் குதித்துச் சொன்னேன். ஆனால் அந்த நிபந்தனை மட்டும் தண்டனையாகவே பட்டது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் காட்கோபரிலிருந்து பெரியவாப்பா சாப்பிட வருவார். வாப்பாவின் அண்ணன். அவர் சொல்வதுதான் எங்கள் வீட்டில் நடக்கும். வாப்பா அவர் முன்னால் உட்காரக்கூட மாட்டார். சாப்பிட்டு அவர் சாய்ந்தால் சந்தில் பாத்திரம்கூட விழக் கூடாது. அந்த நேரத்தில் நான் சத்தமாகப் படிப்பதா? அதோடு, எட்டாவதுக்கு மாட்டுங்கா பக்கம் பாலம் தாண்டிப் போக வேண்டும், பையன்களும் படிக்கிற பள்ளிக்கூடம், "பொம்பளப் புள்ளைக்கு ஏழு போதும்" என்று அவர் ஏற்கெனவே சொல்லிவிட்டிருந்தார். அந்தப் பேச்சு நடந்தபோது நான் தாழ்வாரத்தில் பூதங்களுக்குப் பெயர் வைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த ஞாயிறு, பெரியவாப்பா தலையணையில் சாய்ந்திருக்க, நான் வாசலில் உட்கார்ந்து படித்தேன். முதல் பக்கத்தில் வரிக்கு வரி அவரைப் பார்த்துக்கொண்டேன். பிறகு பூதம் வந்துவிட்டதால் மறந்துவிட்டேன். நிலவறையில் வெல்டரின் கேஸ் தீர்ந்தது. கோடரியோடு ஒருவன் அவன் பக்கமாக வந்துகொண்டிருந்தான். பையில் என்ன எண் மிச்சம் என்று காக்கா விரல் மடித்துக்கொண்டிருந்தான்.

"ஏல, அந்த வெல்டருக்கு ஒரு இரும்புச் சட்டய மாட்டி விடுங்கலே. அடி படாதுல்லா" என்றது பெரியவாப்பாவின் குரல். அவர் எழுந்து உட்கார்ந்திருந்தார்.

"அது முடியாது பெரியவாப்பா" என்றேன்.

அவரிடம் முடியாது என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. எனக்கு அது அப்போது தோன்றவில்லை. நான் விளையாட்டை நடத்துகிறவள், அவர் விதி தெரியாதவர்.

"ஏன் முடியாது?"

பக்கத்தைப் புரட்டி இங்கிலீஷில் படித்தேன். தமிழில் சொன்னேன். பிறகு எங்கள் காரணத்தையும் சேர்த்தேன்: "இரும்புச் சட்டையோட வெல்டிங் பண்ணுனா சட்டை சுட்டுப் பழுத்துரும். வெல்டர் உள்ளேயே வெந்துருவான்."

பெரியவாப்பா காக்காவைப் பார்த்தார். மச்சானைப் பார்த்தார். இருவரும் தலையை ஆட்டினார்கள். அவருக்கு அல்ல, எனக்கு.

"இவ சொன்னா நீங்க கேக்கணுமோ?"

"அவதானே படிக்கா பெரியவாப்பா" என்றான் காக்கா.

அவர் வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு, "சரி, கோடரிக்காரன் என்ன ஆனான்?" என்று கேட்டார். ரயில்காரன் கூட்டத்தோடு கூட்டமாக அவன் பின்னால் போய்க் காலை வாரினான். காக்கா பத்தொன்பதை எடுத்தான். பெரியவாப்பா தொடையில் தட்டினார்.

கிளம்பும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே வாப்பாவிடம், "மாட்டுங்கா பள்ளிக்கூடத்துல எப்பம் சேக்கணும்னு கேட்டு வை" என்றார். வாப்பா உம்மாவைப் பார்த்தார். உம்மா அவசரமாகக் குனிந்து நூலைப் பல்லால் கடித்தாள். நான் வில்லைகளை எண்ணிப் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தேன். ஏழு எங்கே உருண்டது என்று தேடிக்கொண்டிருந்தேன்.

அடுத்த ஞாயிறு வாசலில் உட்கார்ந்து, தொண்டையைச் செருமி, இங்கிலீஷில் தொடங்கினேன்.

"போதும் புள்ள" என்றாள் உம்மா. "இனிமே மனசுக்குள்ளேயே படி."

என் இங்கிலீஷ் அவளுக்கு அதற்குள் அலுத்துவிட்டது என்று நினைத்து, அன்று சாயங்காலம்வரை அவளோடு பேசாமல் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன்.