பிளாப்பியில் ஒரு பாலாலயம்

திருநெல்வேலி ஜங்ஷனில் நான் வேலை பார்த்த கல்யாணக் கார்டு அச்சகத்தில் ஒரே ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அதுவே பெரிய காரியம். தமிழ் எழுத்துக் கோக்கும் மென்பொருள் அதில் இருந்தது. அது ஓடுவதற்கு, மிஷினைக் கிளப்பும் சிஸ்டமாக ஒரு பழைய டாஸ் வேண்டும். புதிய டாஸைக் கொடுத்தால் எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாக விழும். விற்றவர்கள் எப்போதோ கடையைக் கட்டிவிட்டுப் போய்விட்டார்கள். இருப்பதைக் காப்பாற்றிக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை.

அதைத் தாங்கிய ஹார்டு டிஸ்க்குக்கோ வயதாகிவிட்டது. காலையில் சுவிட்சைப் போட்டால் உள்ளே தட்டு சுழலாமல் ஒட்டிக்கொண்டு முனகும். பெட்டியின் இடது பக்கம் ஸ்குரூடிரைவர் பிடியால் ஓங்கி ஒன்று போட்டால் சுழலத் தொடங்கும். எங்கே, எவ்வளவு பலத்தில் என்பது என் கைக்கு மட்டும்தான் தெரியும். முதலாளி அண்ணாச்சி, "ஒன் கைராசிம்மா," என்றார். நான் மறுக்கவில்லை. யாராவது நம்மைப் புகழும்போது குறுக்கே பேசக் கூடாது என்பது என் கொள்கை. லீவு போட்டால் பாளையங்கோட்டை வீட்டுக்கே ஆள் வந்துவிடும். காய்ச்சலோடு போய்த் தட்டிக் கிளப்பிவிட்டு வந்திருக்கிறேன். வெளியே சலித்துக்கொள்வேன், உள்ளுக்குள் ரொம்பப் பிடிக்கும்.

பிடித்ததற்கு வேறொரு காரணமும் உண்டு. அண்ணாச்சியின் மருமகள். வள்ளியூர்க்காரி. கல்யாணமாகி வந்த புதிதில் மாடி வீட்டில் பொழுது போகாமல் அச்சகத்துக்கு இறங்கி வருவாள். தமிழ் டைப்பிங்கில் ஹையர் பாஸ் செய்தவள். என்னைவிட வேகமாக அடிப்பாள். இதைச் சொல்வதில் எனக்கு ஒன்றும் சந்தோஷம் இல்லை. வீட்டு ஆள் இருக்கும்போது வெளியாளுக்கு எதற்குச் சம்பளம் என்று அண்ணாச்சி யோசிக்காமல் இருந்ததற்கு ஒரே காரணம், அவள் தட்டினால் டிஸ்க் சுழலாது. குழந்தையைத் தூங்கவைப்பது மாதிரி தட்டுவாள். அந்த டிஸ்க் அப்படி மக்கர் செய்யும்வரை என் வேலைக்குப் பழுதில்லை.

ஓர் ஆனி மாதம் அந்த முனகல் கீச்சொலியாக மாறியது. அண்ணாச்சி பயந்துபோய் மதுரையிலிருந்து வேறொரு டிஸ்க் வரவழைத்தார். அதுவும் யாரோ கழித்துக்கட்டியதுதான், இதைவிடக் கொஞ்சம் இளையது. பழையதில் இருப்பதையெல்லாம் அதற்கு மாற்ற வேண்டும், மிஷின் அதிலிருந்தே கிளம்பவும் வேண்டும். வேலை என் தலையில் விழுந்தது. சுவிட்சைப் போட்டதும் தானே சுழலும் டிஸ்க்குக்கு என் கை எதற்கு என்று அன்றைக்கே எனக்குப் புரிந்துவிட்டது.

ஆனால் மாதம் குறுக்கே நின்றது. கார்டு வேலை ஓய்வது ஆடி பிறந்த முதல் சில நாட்களில்தான். அப்புறம் ஆவணிக் கல்யாணக் கூட்டம் வந்துவிடும். ஆடியில் யார் குடிமாறுவார்கள்?

"வீடு மாறுததும் இதுவும் ஒண்ணுதானம்மா," என்றார் அண்ணாச்சி. "ஆனி கடைசி முகூர்த்தத்துல பரஸ்தானம் வச்சிருவோம். மிச்சத்தை ஆடியில பைய மாத்திக்கிடலாம்."

நல்ல நாளில் ஒரே ஒரு பொருளை மட்டும் புது இடத்தில் முன்கூட்டி வைத்துவிட்டால், பிறகு எப்போது போனாலும் நல்ல நாளில் போன கணக்குதான். எங்கள் பக்கத்தில் பாதிப் பேர் ஆடியை இப்படித்தான் ஏமாற்றுகிறார்கள். எதை முதலில் வைப்பது என்பதில் அண்ணாச்சிக்குச் சந்தேகமே இல்லை. கார்டின் தலையில் போடும் பிள்ளையார் படம்.

"மொதல்ல சிஸ்டம் போகணும், அண்ணாச்சி. பெறவுதான் மத்ததெல்லாம்," என்றேன். டிஸ்க் விற்றவர் அதைத் திரும்பத் திரும்பச் சொல்லி அனுப்பியிருந்தார்.

"பிள்ளையாருக்கு முந்தி என்னம்மா இருக்கு?"

இதற்கு மேல் யார் வாதாடுவது? இரண்டு டிஸ்க்கையும் ஒரே பெட்டிக்குள் மாட்டி, நல்ல நேரத்துக்குள் பிள்ளையாரை மட்டும் புதியதில் ஏற்றினேன். அவ்வளவு பெரிய டிஸ்க்கில் அவர் தன்னந்தனியாக உட்கார்ந்தார். அண்ணாச்சி பெட்டிக்குச் சூடம் காட்டினார்.

ஆடி பிறந்தது. சிஸ்டத்தை ஏற்றும் கட்டளையை அடித்தேன். இடமில்லை என்று திரையில் ஆங்கிலத்தில் வந்தது. டிஸ்க் முழுக்கக் காலி, ஆனால் இடமில்லையாம். அந்தப் பழைய டாஸுக்கு ஒரு வீம்பு: டிஸ்க்கின் முதல் இடத்தில்தான் உட்காரும், அங்கே வேறு எது இருந்தாலும் உள்ளே வராது. முதல் இடத்தில் பிள்ளையார் இருந்தார். அவரை அழித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்கலாம் என்றேன்.

"அழிக்கியா?" அண்ணாச்சியின் முகம் வெளிறிவிட்டது. "ஒக்கார வச்ச பிள்ளையாரை யாராவது அழிப்பாங்களாம்மா?" திரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு, "அவருக்கே இஷ்டமில்ல போல. விடு. பழசு ஓடுத வரைக்கும் ஓடட்டும். ஒன் கைராசி இருக்குல்லா," என்றார்.

நான் தலையை ஆட்டியிருந்தால் போதும். பிள்ளையாரே எனக்காகக் குறுக்கே உட்கார்ந்து வேலையைக் காப்பாற்றிக் கொடுத்திருக்கிறார். கும்பிட்டுவிட்டு எழுந்திருக்க வேண்டியதுதானே? ஆனால் அந்த ஆங்கில வரி திரையில் அப்படியே நின்றது. ஒரு மிஷின் முடியாது என்று சொல்ல, நான் சரி என்று எழுந்து போவதா? எனக்குக் கோபம் வந்தால் புத்தி பிரமாதமாக வேலை செய்யும். யாருக்கு லாபமாக வேலை செய்கிறது என்று மட்டும் பார்க்காது.

"அண்ணாச்சி, கோயில்ல திருப்பணி நடக்கும்போது சாமியை என்ன செய்யுதாங்க?"

"பாலாலயம் பண்ணி வேற எடத்துல வைப்பாங்க. வேலை முடிஞ்சதும் கும்பாபிஷேகம் பண்ணித் திரும்பக் கூட்டியாருவாங்க."

"இவரையும் ஒரு பிளாப்பியில வச்சிருவோம். சிஸ்டம்ங்கிறது கட்டடம் மாதிரி. கட்டடம் எழும்பினதும் மொத ஆளா அவரே வரட்டும்."

அண்ணாச்சி என்னைப் பார்த்த பார்வையில் பெருமை வழிந்தது. எனக்கும் தலைகால் புரியவில்லை. பிள்ளையார் பிளாப்பிக்கு எழுந்தருளினார். கடையின் சாமி படத்துக்கு முன்னால் பிளாப்பியை வைத்து மருமகள் ஒரு செம்பருத்தியைச் சாத்தினாள். நான் டிஸ்க்கைத் துடைத்துச் சிஸ்டத்தை ஏற்றினேன். மறுப்பேதும் சொல்லாமல் ஏறியது. அடுத்து பிள்ளையார், அவர் பின்னால் மென்பொருள், எழுத்துகள், பழைய கார்டுகள் எல்லாம். பழைய டிஸ்க் கீச்சிட்டுக்கொண்டே கடைசி ஃபைல் வரைக்கும் கொடுத்துவிட்டது. அதைக் கழற்றி எடுத்துவிட்டுப் புதியதை அதன் இடத்தில் மாட்டினேன்.

அண்ணாச்சி சுவிட்சைப் போட்டார். தட்டாமலே கிளம்பியது. அணைத்துவிட்டு மருமகளைக் கூப்பிட்டு, "நீ போடு," என்றார். அவளுக்கும் கிளம்பியது. கைதட்டாத குறைதான்.

"இனிமே ஒனக்குச் சிரமமே இல்லம்மா," என்றார் என்னிடம். மனதாரத்தான் சொன்னார். ஸ்குரூடிரைவரை மேசை இழுப்பறைக்குள் போட்டேன். சிரித்து வைத்தேன்.

யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை. ஆவணியில் ஸ்ரீவைகுண்டத்தில் அக்கா மகளுக்குக் காதுகுத்து. லீவு கேட்டேன். கேட்டு முடிப்பதற்குள், "ரெண்டு நாள் கூட இருந்துட்டு வாம்மா," என்றார் அண்ணாச்சி. அக்கா வீட்டுக்குப் பக்கத்து வீட்டு போன் நம்பரை, அவர் கேட்காமலே, கொடுத்துவிட்டுப் போனேன். காதுகுத்து நடந்துகொண்டிருக்கும்போதும் என் காது அந்தப் பக்கமே இருந்தது. போன் அடித்தது, இரண்டு முறை. இரண்டும் அந்த வீட்டுக்காரர்களுக்குத்தான்.

திரும்பி வந்தபோது மருமகள் என் நாற்காலியில் உட்கார்ந்து அடித்துக்கொண்டிருந்தாள். முடிந்த கார்டுகள் மேசையில் அடுக்கியிருந்தன. ஒன்றை எடுத்துப் பிழை தேடினேன். மணமகன் வீட்டார் பெயர்கள், தாய்மாமன் பெயர், மண்டபத்துக்குப் போகும் பஸ் வரைக்கும் எல்லாம் சரியாக இருந்தது. என்னைக் கண்டதும் அவள் சட்டென்று எழுந்தாள்.

"வாங்கக்கா," என்றாள் முகம் மலர. "இருங்க, காப்பி போட்டுக் கொண்டாரேன்."

அந்த அச்சகத்தில் அதுவரை யாரும் எனக்குக் காப்பி போட்டுக் கொடுத்ததில்லை. கார்டு பார்க்க வருகிறவர்கள் உட்காரும் பெஞ்சில் உட்கார்ந்து குடித்தேன்.