அரக்கு வைத்த பென்டிரைவ்

ஞாயிற்றுக்கிழமை காலையில் லேப்டாப்பைத் துடைப்பது வைதேஹிதான். வேறு யாரும் தொடக் கூடாது. பழைய பெயின்ட் பிரஷ்ஷால், பொத்தான்களுக்கு நடுவே படிந்த டெல்லித் தூசியைத் தள்ளுவாள். ஐம்பத்து நாலு வயதில் அவளுக்கென்று கிடைத்த முதல் வேலை அதற்குள்தான் இருக்கிறது. நொய்டாவில் ஒரு கம்பெனிக்காக இந்தி சீரியல்களுக்குத் தமிழ் சப்டைட்டில் எழுதுகிறாள்.

போன மாதம் அப்டேட் ஓடிக்கொண்டிருக்கும்போது கரன்ட் போய், திரை கறுப்பாகவே நின்றுவிட்டது. நேரு பிளேஸ் கம்ப்யூட்டர் கடையில் சரி செய்து வாங்குவதற்குள் கெடு தாண்டியது. இன்னொரு முறை இப்படி ஆனால் வேறு ஆள் பார்த்துக்கொள்வோம் என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். ரிப்பேர் செய்த பையாதான் வழி சொன்னான்: ரிகவரி பென்டிரைவ் ஒன்று முன்கூட்டியே தயாரித்து வைத்தால், லேப்டாப் கிளம்பாவிட்டாலும் அதைச் செருகிக் கிளப்பிப் பழுது பார்க்கலாம்.

"நான் பண்ணித் தரேன்" என்றார் கணவர் ஷங்கர். மத்திய அரசில் செக்‌ஷன் ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆபீஸில் டூப்ளிகேட் சாவியை வைப்பதுபோலவே பென்டிரைவைக் கவரில் போட்டு, ஒட்டிய இடத்தில் குறுக்கே கையெழுத்திட்டு, அரக்கு வைத்து, பீரோவில் பூட்டினார்.

இன்று துடைத்து முடித்ததும் வைதேஹி கவரைக் கேட்டாள்.

"லேப்டாப் நன்னாத்தானே இருக்கு? அது எமர்ஜென்சிக்காக்கும்!"

"அது வேலை செய்யறதான்னு எமர்ஜென்சிலயா பாக்கறது? குடுங்கோ."

"சீலை உடைக்க ஒரு காரணம் வேணும்டி."

"அச்சா, காரணம் நான்தான். நோட் போட்டுக்கோங்கோ."

கவரைக் கிழித்து, பென்டிரைவைச் செருகி, பையா சொல்லித் தந்த பொத்தானை அழுத்தினாள். லேப்டாப் அதைக் கண்டுகொள்ளாமல் எப்போதும்போல் கிளம்பியது. திறந்து பார்த்தால் அவளுடைய ஃபைல்களின் நகலும், முன்பே அதில் கிடந்த தமிழ்ப் பள்ளி ஆண்டு விழாப் படங்களும் இருந்தன.

"என்னன்னா இது?"

ஷங்கர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நடுவுல ஒரு கேள்வி கேட்டுது. இதுல இருக்கறதெல்லாம் அழிஞ்சுடும், சம்மதமான்னு. கேன்சல் குடுத்துட்டு, உன் ஃபைலையெல்லாம் பத்திரமா காப்பி பண்ணி வச்சேன்."

மேலிடத்து ஒப்புதல் இல்லாமல் ஒரு காகிதத்தைக்கூட அழித்தறியாதவர். வைதேஹிக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும். இந்த வீட்டில் இன்னும் என்னவெல்லாம் இப்படிப் பத்திரமாக இருக்கிறது என்று யோசித்தாள்.

படங்களை லேப்டாப்புக்கு மாற்றிவிட்டு, முதலிலிருந்து அவளே ஆரம்பித்தாள். எல்லாம் அழியும் என்றது. சரி என்று அழுத்தினாள். சாம்பார் கொதித்து இறங்கி, இருவரும் சாப்பிட்ட பிறகும் ஓடிக்கொண்டிருந்தது. முடிந்ததும் லேப்டாப்பை அணைத்து, பென்டிரைவிலிருந்து கிளப்பினாள். இந்த முறை ரிகவரியின் நீலத் திரை வந்தது. பழுது பார்க்கும் பக்கம் வரை போய்ப் பார்த்துவிட்டு வெளியே வந்து, அணைத்தாள்.

நிமிர்ந்தபோது ஷங்கர் புதுக் கவரும் மெழுகுவர்த்தியும் அரக்குத் துண்டுமாக நின்றிருந்தார்.

"இந்தத் தடவை குறுக்கே நீயும் ஒரு கையெழுத்துப் போடறியா?"

வைதேஹி பென்டிரைவை வீட்டுச் சாவிக்கொத்தில் கோத்தாள். கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டு அறையை விட்டுப் போனாள்.