தலையணைக்குக் கீழே ஐந்து மாத்திரைகள்

ஐம்பத்தொன்பதாம் ஆண்டுத் தவக்காலத்தில் நான் செத்துவிடுவேன் என்று வீட்டார் முடிவுகட்டிவிட்டார்கள். நான் மட்டும் சம்மதிக்கவில்லை.

முல்லைத்தீவுக் கரையில் கருவாடு காயப்போடும்போது தொடங்கியது. நெஞ்சுக்குள் மீன் துள்ளுவது போல ஒரு துடிப்பு. நாலடி நடந்தால் மூச்சு வாங்கியது. படுத்தால் இன்னும் மோசம். கால்கள் வீங்கின. என் மகளுக்கு அப்போது ஏழு மாதம். அவளைத் தூக்கிப் பால் கொடுக்கவும் பெலன் இல்லை. பயந்த கோளாறு என்று நூல் ஓதிக் கட்டினார்கள். அந்த நூலோடுதான் ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

டாக்டர் குழாயை நெஞ்சில் வைத்து எண்ணினார். நேர்ஸ் மணிக்கட்டைப் பிடித்து எண்ணினார். இரண்டும் ஒத்துவரவில்லை. நெஞ்சில் அடித்த அடிகளில் பல, கைக்கு வந்து சேரவே இல்லை.

“சின்ன வயசிலை காய்ச்சல் வந்து முழங்கால் வீங்கினதோ?” என்றார் டாக்டர்.

“ஓம் ஐயா, பன்னிரண்டு வயசிலை.”

அந்தக் காய்ச்சல்தான் இருதயத்தின் கதவைச் சுருக்கிவிட்டதாம். அடுத்த கட்டில்காரிக்கும் இதே தாளம் தப்பிய துடிப்பு. அவருக்குக் காரணம் கழுத்துக் கழலை. எனக்குத் தினமும் விடியற்காலையில் ஒரு மாத்திரை தந்தார்கள். நானோ செபமாலையும் கையுமாக மாதாவோடு சண்டை பிடித்தேன். “பிள்ளை நடக்கிறதைப் பாக்காமல் நான் வரமாட்டன்!”

ஒரு கிழமையில் துடிப்பு அடங்கியது. நன்றிக்கு, இயேசு உயிர்த்த பாஸ்குத் திருநாள் வரை நாள்தோறும் நற்கருணை அப்பம் வாங்குவதாக நேர்ந்தேன். மாதா கோயில் சுவாமியார் காலைப் பூசை முடித்து வார்டுக்கு வருவார். நற்கருணைக்கு முன் பச்சைத் தண்ணீரும் வாயில் படக்கூடாது என்றுதான் எங்களை வளர்த்தார்கள். ஆகவே மாத்திரையைத் தலையணைக்குக் கீழே ஒளித்தேன். சுகம் வந்துவிட்டதே, இனி அது எதற்கு என்ற வீறாப்பும் இருந்தது.

ஐந்து நாள் போனது. ஆறாம் நாள் மீன் மறுபடி துள்ளியது. மூச்சுக்குத் தவித்தேன். மருந்து கொடுத்தும் ஏன் இப்படி என்று டாக்டருக்கு விளங்கவில்லை. என் புருஷனின் அக்கா, பிணத்துக்குப் போர்த்தும் வெள்ளைச் சீலையோடு வந்துவிட்டார்.

“வீட்டை கொண்டுபோவம். அங்கை சாகட்டும்.”

“நான் இன்னும் சாகேல்லை மச்சாள். சீலையை மடிச்சு வையுங்கோ.”

கண்ணை மூடினேன். மாதாவே, பிழை எங்கே என்று காட்டு. கெஞ்சவில்லை, கேட்டேன். அந்த நேரம் பார்த்து, என்னை நிமிர்த்தி இருத்துவதற்காக நேர்ஸ் தலையணையைத் தூக்கினார். ஐந்து மாத்திரையும் அங்கே கிடந்தன.

என்னை வெட்கம் பிடுங்கித் தின்றது. நற்கருணையோடு வந்த சுவாமியார் என் தலையில் கைவைத்தார்.

“மருந்து குடிச்சால் உபவாசம் முறியாது பிள்ளை. என்னட்டை ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாமே?”

அவர் முன்னாலேயே மாத்திரையை விழுங்கினேன். பிறகு நற்கருணை வாங்கினேன். அடுத்த கிழமை மூச்சு சீரானது. இன்றும் என் நாடி தாளம் தப்பித்தான் அடிக்கிறது. ஆனால் தறிகெட்டு ஓடுவதில்லை. மாத்திரையை ஒருநாளும் விடுவதில்லை.

சுகம் தந்தது மாத்திரையா, செபமா என்று சிலர் நக்கலாகக் கேட்கிறார்கள். கேட்கட்டும். தலையணையைத் தூக்கிய கையை அனுப்பியது யார் என்று நான் திருப்பிக் கேட்கிறேன். சகோதரங்களே, துணிந்து கேளுங்கள். கேட்டபின் மாதா கையில் தருவதை ஒளிக்காதீர்கள்.

மச்சாளின் அந்த வெள்ளைச் சீலையில் மகளுக்குச் சட்டை தைத்தேன். அதைப் போட்டுக்கொண்டுதான் அவள் முதல் அடி வைத்தாள். நான் பார்த்தேன்.