திரிபோனின் மடங்கிய கை

செசரியாத் துறைமுகத்தில் திரிபோன் வாய் மூடியிருந்து பார்த்தவர்கள் கிடையாது. மூடியிருந்தது அவருடைய வலது கை மட்டும்தான். கப்பலை இழுத்துக் கட்டும்போது ஒருநாள் கயிறு கையில் சுற்றி முறுக்கிவிட்டது. அன்றைக்கு மடங்கிய விரல்கள் எந்த வைத்தியத்துக்கும் நிமிரவில்லை. அதற்காக மனுஷன் மூலையில் உட்காரவில்லை. இடது கையால் முடிச்சுப் போட்டார், வலது கையால் ஆப்பு அடித்தார், மீதி வேலையை வாயாலேயே பார்த்தார்.

ஒரே ஒரு விஷயத்தில்தான் அவர் கோழை. அவரும் யூதர்தான்; யூதர் வீட்டில் ரொட்டியைத் தொடும் முன் கையில் தண்ணீர் ஊற்றிக் கழுவியாக வேண்டும். கை முழுக்க நனைய வேண்டும். செசரியாவில் தண்ணீருக்கு என்ன பஞ்சம்? விரல்களை விரித்து நீட்டி, சொட்டச் சொட்ட ஊற்றிக்கொள்வார்கள். நாலு பேர் முன்னால் இந்தக் கையை எப்படி நீட்டுவது? உள்ளே நனைந்ததா என்று எவனாவது எட்டிப் பார்த்தால்? அதனால் பிறர் வீட்டில் அவர் ரொட்டி தின்பதே இல்லை. வயிறு சரியில்லை என்பார், இப்போதுதான் சாப்பிட்டேன் என்பார். ஊர் அதைத் திமிர் என்றது. பசியோடு வீட்டுக்கு ஓடிவந்து வெங்காயமும் ரொட்டியும் விழுங்குகிறவனுக்கு என்ன திமிர் வேண்டிக்கிடக்கிறது, பாவம்!

மகள் பெரனிக்கேவுக்கு மலைமேல் ஊரில் மாப்பிள்ளை அமைந்தான். பெண்ணுக்கு அவன்மேல் உயிர். அவனுக்கு அப்பா இல்லை. எல்லாம் அம்மா சிப்போராதான். நிச்சயத்தன்று சம்பந்திகள் ஒரே ரொட்டியைப் பிட்டுத் தின்றால்தான் பேச்சு முடிந்ததாக அந்த வீட்டில் கணக்கு. நிச்சயத்துக்கு மலையேறிய வழி நெடுக மனைவி மார்த்தா திரிபோனை விடவில்லை. வயிற்றுவலி என்று ஆரம்பித்தால் நிஜமாகவே வலிக்க வைப்பேன் என்றாள்.

விருந்தில் சிப்போரா கல் குவளையோடு நேரே அவரிடம் வந்தாள்.

"முஷ்டிய மடக்கி நீட்டுங்கண்ணா."

முஷ்டிக்கு அவள் சொன்னது பிக்மே என்ற கிரேக்கச் சொல். துறைமுகத்தில் குத்துச்சண்டைக்காரர்கள் வாயில்தான் அது அடிபடும். திரிபோனுக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. மேலங்கிக்குள் ஒளித்து வைத்த கை இவளுக்கு எப்படித் தெரிந்தது?

"என் கையக் கேலி பண்ணத்தான் கூப்பிட்டீங்களா? மார்த்தா, கெளம்பு."

பெரனிக்கேவின் முகம் வெளுத்துப்போனது. சிப்போரா திருதிருவென்று விழித்தாள்.

"உங்க கைக்கு என்னண்ணா?"

கோபத்தோடு கையை வெளியே எடுத்துக் காட்டினார். அவள் பார்த்தாள். பிறகு பந்தியைப் பார்த்து எல்லாரையும் கையை நீட்டச் சொன்னாள். மாமன், மச்சான், கிழவர், மாப்பிள்ளை எல்லாருமே விரல்களைத் தளர்வாக மடக்கித்தான் நீட்டினார்கள். மழைத் தண்ணீரைத் தொட்டியில் பிடித்து வைத்துக் குடிக்கிற ஊர் அது. விரித்த கையில் ஊற்றினால் பாதி தரைக்குப் போகும். மடக்கிய கையின் மேல்வாயில் கொஞ்சமாய் விட்டால் உள்ளும் புறமும் நனைந்து இறங்கும். அவள் சொன்ன பிக்மே அவ்வளவுதான்.

"பாருங்க, இங்க எவன் கை விரிஞ்சிருக்கு?"

பேசிக்கொண்டே அவர் கையிலும் ஊற்றினாள். தண்ணீர் கட்டைவிரல் பக்கம் புகுந்து, விரல் இடுக்கெல்லாம் நனைத்து, சுண்டுவிரல் வழியே வடிந்தது. இத்தனை வருஷம் பட்டினி கிடந்தது இதற்காகவா என்று நினைத்ததும் திரிபோன் எல்லார் முன்னாலும் அழுதுவிட்டார்.

"நனைஞ்சுதாண்ணா?"

"நனைஞ்சுது, தங்கச்சி."

கடவுளுக்கு நன்றி சொல்லி ரொட்டியைப் பிட்டார்கள். பெரனிக்கேவுக்கு மூச்சு வந்தது. திரிபோன் இன்னொன்று எடுத்தார், பருப்பில் தோய்த்தார்; பிறகு ஆலிவோடு ஒன்று, வறுத்த மீனோடு ஒன்று. மார்த்தாவுக்கு மானம் போயிற்று. நிச்சயம் நல்லபடியாக முடிந்தது, இருட்டும் முன் கிளம்பலாம் என்று காதைக் கடித்தாள்.

"நீ போ," என்றார் வாய் நிறைய ரொட்டியோடு. "எனக்கு எத்தனையோ விருந்து பாக்கி இருக்கு."