மதினியின் வெள்ளை ரோஜாச் சரிவு

பல்லேகலயில் ஆடைத் தொழிற்சாலை வேலை முடிந்து வரும் மதினியின் தோளில் எப்போதும் ஒரு நீலத் துணிப்பை தொங்கும். சாப்பாட்டுப் பெட்டி, தண்ணீர்ப் போத்தல், மடக்கிய குடை, இவ்வளவுதான் அதற்குள் இருக்கும். அன்று மட்டும் ஈரப் பத்திரிகைத் தாளில் சுற்றிய ஒரு கட்டு குச்சிகள் பையின் வாய்க்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. பஸ்ஸில் நின்றுகொண்டே வந்ததில் கை முழுக்க முள் கீறல். "பாக்டரி வாசல்ல படர்ந்து கிடக்கிற வெள்ளை ரோஜா புள்ள. வெட்டிக் குப்பையில போட இருந்தாங்க. நான் குப்பைய வீட்டுக்குத் தூக்கிட்டு வந்துட்டேன்" என்றார்.

மதினி என் கணவரின் அக்கா. கல்யாணமாகி இரண்டாவது வருடமே கணவரை இழந்து, தம்பி வீட்டுக்கு வந்து எங்களோடு இருந்தவர். எங்கள் வீடு குண்டசாலைக்கு அப்பால், மலையை வெட்டி எடுத்த துண்டு நிலத்தில் இருக்கிறது. வாசலைத் தாண்டினால் செங்குத்தான செம்மண் சரிவு. அதன் அடியில் வீதி. மழைக்காலத்தில் அந்தச் சரிவு கரைந்து வீதிக்கு ஓடும். புல்லை வளர விட்டால் அட்டை வரும், பாம்பு வரும் என்று பயம். வெட்டிவிட்டால் மண் போகிறதே என்று பயம். மகள் அப்போதுதான் எழுந்து நடக்கத் தொடங்கியிருந்தாள். நான் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போதும் என் மனம் அந்தச் சரிவின் விளிம்பில்தான் நின்றுகொண்டிருக்கும். எதைச் செய்தாலும் செய்த பிறகு அது சரிதானா என்று பலமுறை யோசிக்கிறவள் நான். சரிவு முழுக்க முள்செடி வைப்பது என்றதும் சொல்லவே வேண்டாம்.

மதினி யோசிக்கவில்லை. குச்சிகளின் கீழ் இலைகளைக் கழற்றி, மணல் கலந்த மண் நிரப்பிய பைகளில் குத்தி, வெயில் படாமல் வீட்டின் பின்பக்கம் வைத்தார். துளிர்விட்டதும் மழை தொடங்கும் நேரம் பார்த்துச் சரிவில் இறக்கினார். தேயிலை நடுவதுபோலவே குழிகளை ஒன்றுவிட்டு ஒன்றாக, மேல் வரிசையின் இடைவெளிக்கு நேரே கீழ் வரிசைச் செடி வரும்படி வெட்டினார். இடையில் மண்ணை மூட மானாப்புல்லை அறுத்துப் பரப்பினார். இந்த ரோஜா நிமிர்ந்து நிற்காது. தரையோடு தரையாகப் படரும். மருந்து அடிக்க வேண்டியதில்லை. வாடிய பூவைக் கிள்ள வேண்டியதில்லை, தானே உதிர்ந்துவிடும். வருடத்துக்கு ஒரு முறை கிளைகளைக் கழித்துக் கவ்வாத்து வெட்டினால் போதும். இலையில் கரும்புள்ளி விழுந்தபோது நான் பதறினேன். "விழட்டும், அடுத்த இலை வராமலா போகும்" என்றார். குரங்குகள் வந்து மொட்டைத் தின்றபோதும் அதே குரல்தான். "அது தின்னு மிச்சந்தான் நமக்கு. அதுவே போதும் புள்ள, பாரு."

போதும்தான். இரண்டாவது மழைக்காலத்தில் மண் வீதிக்கு இறங்கவில்லை. மகள் ஒருமுறை விளிம்புவரை போய், முள்ளில் கைவைத்து, அழுதுகொண்டு திரும்பி வந்தாள். அதன்பிறகு அந்தப் பக்கம் போவதில்லை. மழை விட்ட ஒரு வாரத்தில் சரிவு முழுவதும் வெள்ளையாகப் பூத்தது. வீதியின் வளைவில் திரும்பும்போதே சலவைத் துணி விரித்ததுபோலத் தெரியும்.

அந்தப் பூப்பின் உச்சத்தில்தான் மகளுக்குக் காது குத்த நாள் குறித்தோம். மாமனார் இல்லாததால் குடும்பத்தில் மூத்தவர் என் கணவரின் பெரியப்பாதான். பன்விலயிலிருந்து பெரியம்மாவோடு முதல் நாள் மாலையே புறப்பட்டு, சந்தியில் இறங்கி முச்சக்கரவண்டி பிடித்து வந்தார். வளைவில் திரும்பியதும் வண்டிக்காரர் வேகத்தைக் குறைத்து, எங்கள் வீட்டுப் பக்கம் தலையாட்டி, "மளகெதர" என்றிருக்கிறார். சிங்களத்தில் சாவு வீடு என்று அர்த்தம். கண்டிப் பக்கத்தில் சாவுக்கு வெள்ளைக் கொடி கட்டுவார்கள்; வீதியோரம் வெள்ளை தெரிந்தால் யாருக்கும் முதலில் அந்த நினைப்புத்தான் வரும். பெரியப்பா மேற்கொண்டு எதுவும் விசாரிக்கவில்லை. செருப்பை வண்டியிலேயே விட்டுவிட்டு, "ஐயோ என் தம்பி மவனே" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டு படியேறினார்.

வாசலில் நின்ற மதினிதான் அவரைத் தடுத்தார். "யார நெனச்சு அழுறீங்க பெரியப்பா? உங்க தம்பி மவன் உள்ள வடை திங்கிறான்."

என் கணவர் கையில் வடையோடு வெளியே வந்தார். நான் உட்பட எல்லோரும் சிரித்துவிட்டோம். அந்தச் சிரிப்புத்தான் வினையானது. அழுத முகத்தைத் துடைத்துக்கொண்ட பெரியப்பாவுக்குக் கோபம் வந்தது. "நல்ல காரியம் நடக்குற வீட்டுக்கு முன்னுக்கு எவனாவது வெள்ளையா நட்டு வைப்பானா? விடியிறதுக்குள்ள எல்லாத்தையும் வெட்டி எறி" என்றார்.

பெரியம்மா அதோடு நிறுத்தவில்லை. "பூவ மட்டும் வெட்டினா பத்தாது. நாளைக்கு இவ அடுப்படியிலேயே இருக்கட்டும். பிள்ளைக்குச் சந்தனத்த வேற ஆளு வைக்கட்டும்."

எங்கள் வழக்கத்தில் குழந்தை தாய்மாமன் மடியில் உட்காரும். குத்தும் முன் காதில் சந்தனம் தொட்டு வைப்பவள் அத்தை. என் மகளுக்குச் சொந்த அத்தை மதினி ஒருவர்தான்.

மதினி குரலை உயர்த்தவில்லை. "பூவுக்கும் எனக்கும் ஒரே குத்தம் போல இருக்கு பெரியம்மா. தொடுறவங்க பாத்துத் தொடுங்க. ரெண்டுக்கும் முள்ளு இருக்கு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

என் கணவர் கவ்வாத்துக் கத்தியை எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். பெரியவர்களை எதிர்த்து ஒரு வார்த்தை பேசிப் பழகியவளில்லை நான். அவர்கள் சொல்வது தப்பு என்று எனக்குத் தெரியும். அப்படித் தெரிந்தாலும், குழந்தைக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ற நினைப்பு விடவில்லை. "மழை வருது, கத்திய உள்ள வைங்க" என்று மட்டும் சொன்னேன். அந்த நேரத்தில் என்னால் முடிந்த எதிர்ப்பு அவ்வளவுதான்.

மறுநாள் காலை சந்தனம் எடுக்க அடுப்படிக்குப் போனேன். பெரியம்மா சொன்னபடியே மதினி அங்கேதான் இருந்தார்; பாயாசத்தைக் கிண்டிக்கொண்டிருந்தார். பச்சைச் சேலை. பின்னலில் ஒரு கொத்து வெள்ளை ரோஜா. அவர் தலையில் பூவை நான் அதுவரை பார்த்ததில்லை. யாருக்கும் காட்டுவதற்காக வைத்ததல்ல. அடுப்படியில் யார் பார்க்கப்போகிறார்கள்? அதைப் பார்த்தபிறகு சந்தனக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு தனியாக வெளியே வர என் கால் வரவில்லை. "மதினி, வாங்க" என்றேன். அவர் அடுப்பைத் தணித்துவிட்டு வந்தார்.

கூடத்தில் என் அண்ணன் மடியில் மகள் உட்கார்ந்திருந்தாள். பெரியம்மா கிண்ணத்துக்குக் கையை நீட்டினார். நான் அந்தக் கையைக் கடந்து மதினியிடம் கொடுத்து, "பிள்ளையோட அத்தைதான் வைக்கணும்" என்றேன். மெல்லிய குரல்தான், அடுத்த அறைக்குக்கூடக் கேட்டிருக்காது. ஆனால் கேட்க வேண்டியவர்களுக்குக் கேட்டது. மதினி சந்தனத்தைத் தொட்டு வைத்தார். மகள் அவர் தலைப்பூவைப் பிடித்து இழுத்தாள். பெரியப்பா எழுந்து வெளியே போனவர், சாப்பாட்டு நேரத்துக்குத் திரும்பி வந்தார். கோபத்தைச் சோற்றில் காட்டுகிற பழக்கம் அவருக்கு இல்லை.

என் பயம் அத்தோடு முடியவில்லை. சில நாளில் மகளின் ஒரு காது வீங்கிச் சிவந்தது, காய்ச்சலும் வந்தது. காது குத்தினால் சில பிள்ளைகளுக்கு இப்படி ஆகும் என்று டாக்டர் மருந்து கொடுத்தார். பெரியம்மா தொலைபேசியில், "நான் அப்பவே சொல்லல?" என்றார். படித்த புத்தி ஒரு பக்கம் நின்றது. தாய் மனம் மறுபக்கம் நின்றது. பிற்பகல் குழந்தை தூங்கியதும் கத்தியை எடுத்துக்கொண்டு நானே சரிவில் இறங்கினேன். முதல் செடியின் கொடியைப் பிடித்தபடி நின்றேன். வேலை முடிந்து படியேறிய மதினி கண்டுவிட்டார்.

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். பையைக் கீழே வைத்துவிட்டு, "வெட்டுறதுன்னா அடியில ஒரு சாண் விட்டு வெட்டு புள்ள. அப்பதான் இன்னும் அடர்த்தியா வரும்" என்றார்.

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. வெட்டினாலும் வரும், வெட்டாவிட்டாலும் இருக்கும். அப்படிப்பட்ட ஒன்றிடம் கத்தியோடு நிற்கிறேன். கொடியை விட்டுவிட்டு மேலே ஏறினேன். மதினி தேத்தண்ணி ஊற்றினார். அன்று மாலை காய்ச்சல் விடவில்லை. மருந்து தனக்கு வேண்டிய நேரத்தை எடுத்துக்கொண்டுதான் குணமாக்கியது. செடிகளை நான் தொடவில்லை.

மதினி பிறகு தன்னோடு வேலை செய்த ஒருவரைத் தானே விரும்பிக் கல்யாணம் செய்துகொண்டு கலஹாவுக்குப் போனார். பன்விலயில் அதற்கும் பேச்சு எழுந்தது. கேட்டு வந்தவர்களிடம் நான், "நாங்கதான் செஞ்சு வெச்சோம்" என்றேன். இப்போது கவ்வாத்து வெட்டுவது என் வேலை. வருடத்தில் ஒரு சனிக்கிழமை போதும். கைக்கு உறை போடச் சொல்வார்கள், நான் போடுவதில்லை.

இந்த மாதம், மகளுக்குப் பின் பிறந்த மகனுக்குக் காது குத்துகிறோம். சந்தனம் வைக்க மதினி கலஹாவிலிருந்து வருகிறார். நேற்றுப் பெரியம்மா தொலைபேசியில் பேசினார். எல்லாம் விசாரித்துவிட்டுக் கடைசியில், "இந்தத் தடவையாவது வாசல்ல கிடக்கிற அந்த வெள்ளைய..." என்று இழுத்தார்.

வழக்கம்போல அந்தப் பழைய பயம் எட்டிப் பார்த்தது. "முன்னைய விட நல்லா பூத்திருக்கு பெரியம்மா" என்றேன். "வளைவுல வரும்போதே தெரியும். யாருகிட்டயும் வழி கேக்காம வந்துருங்க."