ஞாயிறு ராகு காலத்தில் வந்த பட்டியல்

டயானா அக்காவை நான் முதலில் பார்த்தது புதுக்கோட்டை கீழ ராஜ வீதியில், ஓர் உரக்கடைக்கு மேலே இருக்கிற மாடியில். வேலை கேட்டுப் போயிருந்தேன். ஃபைலில் முதல் தாளாக என்னுடைய முதல் பட்டதாரிச் சான்றிதழை வைத்திருந்தேன். குடுமியான்மலைப் பக்கம் எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்தவன் நான் ஒருத்தன்தான். அதைத் தாசில்தார் முத்திரையோடு சொல்கிற தாள் அது. அக்கா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது காலேஜ் ஃபீஸ் குறைக்கக் கேக்குறதுல்ல? இங்க எதுக்கு தம்பி?"

"இருக்கட்டும்க்கா. பாக்கட்டும்னுதான் வச்சேன்."

சிரிக்கப் போனார். அதற்குள் மேஜையில் இருந்த அவருடைய போன் அடித்தது. சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொண்டுதான் போனைத் திருப்பிப் பார்த்தார். தண்ணீர் கேன் போடுகிறவர். "கீழ வச்சுட்டுப் போங்கண்ணே" என்று சொல்லிவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார். போன் அடித்ததற்கு இப்படிப் பயப்படுகிற ஆளை அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை.

எங்கள் வேலை என்னவென்று சொன்னால் ஊரில் நம்ப மாட்டார்கள். அமெரிக்காவில் ஒரு கால்பந்து இருக்கிறது. பெயர்தான் கால்பந்து, பெரும்பாலும் கையால்தான் ஆடுவார்கள். அந்த நாட்டு ஜனங்கள் ஆப்பில் ஆளுக்கொரு கற்பனை அணி கட்டி, நிஜ ஆட்டக்காரர்களை அதில் சேர்த்துப் பந்தயம் விளையாடுவார்கள். இன்றைக்கு யார் ஆடுகிறார், யார் உட்கார்ந்திருக்கிறார் என்று அந்த ஆப்புக்குச் சரியாகச் சொல்வது எங்கள் மாடியின் வேலை. அணிக்கு ஐம்பத்து மூன்று பேர். ஆட்டத்தன்று அதிலும் சிலரைக் கழிப்பார்கள். ஆட்டம் தொடங்க ஒன்றரை மணி நேரம் இருக்கும்போது கழித்தவர்களின் பட்டியல் வரும். வந்த கையோடு ஏற்றிவிட வேண்டும்.

விதிகளை வருஷா வருஷம் மாற்றுவார்கள். பயிற்சிக்கென்று வைத்திருக்கிற வெளி ஆட்களை ஓர் ஆட்டத்துக்கு மட்டும் உள்ளே கூப்பிட்டுக்கொள்ளலாம் என்று ஒரு விதி. ஒரே ஆளை மூன்று முறைதான் கூப்பிடலாம். எனக்கு அது பிடிபடவே இல்லை. அக்கா கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "மூணு தடவ விருந்துக்கு வரலாம் தம்பி. நாலாவது தடவ வந்தா ரேஷன் கார்டுல பேரு சேத்துரணும்."

ரேஷன் கார்டு என்று அவர் சும்மா சொல்லவில்லை என்பது போகப் போகத்தான் தெரிந்தது.

அக்காவுக்கு ஆவூர்ப் பக்கம். புருஷன் மைக்கேல்சாமி குடித்துவிட்டு அடிப்பார். ஒரு நாள் பிள்ளை மெர்லினைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டார். அதன்பிறகு இரண்டு வீட்டுப் பெரியவர்களும் உட்கார்ந்து பேசி ஒரு முடிவு கட்டினார்கள். அக்காவுக்குச் சம்பளம் வருகிற வரைக்கும் பிள்ளை அம்மாவிடம். வேலை போய்விட்டால் பிள்ளை அப்பா வீட்டுக்கு. கோர்ட்டு கேஸு இல்லை, வாய்ப் பேச்சுதான். ஆனால் எங்கள் பக்கத்தில் அந்த மாதிரிப் பேச்சை மீறுவது லேசு இல்லை. மெர்லினின் பெயர் மைக்கேல்சாமி வீட்டுக் கார்டில்தான் இருந்தது. அவர் அடிக்கடி போன் போடுவார். சாப்பிட்டியா, பிள்ளை எப்படி இருக்கு என்றெல்லாம் கேட்க மாட்டார். "வேல இருக்கா?" என்பார். "இருக்கு" என்பார் அக்கா. வைத்துவிடுவார். அவ்வளவுதான் பேச்சு.

எங்கள் முதலாளி அழகுமலை சார் முன்னால் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தவர். நல்ல மனிதர், தீபாவளிக்கும் கிறிஸ்துமஸுக்கும் ஒரே மாதிரி துணி எடுத்துத் தருவார். ஆனால் ராகு காலத்தில் எதையும் வெளியே விட மாட்டார். பட்டியலைத் தயார் செய்யலாம், சரிபார்க்கலாம், அனுப்புகிற பட்டனை மட்டும் அமுக்கக் கூடாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குச் சர்வர் படுத்ததிலிருந்து அது சட்டமாகிவிட்டது. அதனால் ஒரு நஷ்டமும் வந்ததில்லை. அவர்களுடைய ஞாயிறு மத்தியான ஆட்டம் நமக்கு ராத்திரி. ராகு காலம் முடிந்து வெகு நேரம் ஆகியிருக்கும்.

பிறகு அட்டவணை மாறியது. ஆட்டங்களை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோய் நடத்துவது வருஷத்துக்கு வருஷம் கூடிக்கொண்டே போனது. லண்டனில் மத்தியானம் ஆடினால் இங்கே சாயங்காலம் ஏழு மணி. கழித்த பட்டியல் வருவது ஐந்தரைக்கு. ஞாயிற்றுக்கிழமை ராகு காலம் நாலரையிலிருந்து ஆறு.

அது அக்டோபர். மாடியில் நானும் அக்காவும் மட்டும். மெர்லின் மூலையில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தாள். பட்டியல் வந்தது. அக்கா பார்த்தார், நாற்காலியை முன்னால் இழுத்தார்.

"தம்பி, இங்க பாரு. பெரிய ஆள வெளிய உக்கார வச்சுட்டாங்க."

பந்தை வாங்கி எறிந்து ஆட்டத்தையே நடத்துகிற ஆளைக் குவார்ட்டர்பேக் என்பார்கள். லண்டனில் ஆடவிருந்த ஓர் அணியின் முதல் குவார்ட்டர்பேக்குக்குக் கையில் அடி. அவரை 'மூன்றாவது ஆள்' என்று போட்டிருந்தார்கள். அது கொஞ்ச வருஷத்துக்கு முன்னால் வந்த விதி. மற்ற இருவரும் அடிபட்டால் மட்டும் மூன்றாவது ஆள் இறங்கலாம், இல்லையென்றால் ஆட்டம் முழுக்க உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். ஆப்பில் ஆயிரக்கணக்கான பேர் தங்கள் அணிக்கு அவரைத்தான் எடுத்து வைத்திருப்பார்கள். நாங்கள் சொன்னால்தான் மாற்றுவார்கள்.

அக்கா மளமளவென்று திருத்தி, சரிபார்த்து, 'தயார்' என்று சேமித்தார். பட்டன் மட்டும் பாக்கி. அவருடைய போன் அடித்தது. ஆவுடையார்கோவிலில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்த அழகுமலை சார்.

"என்னம்மா, லிஸ்ட் வந்துருச்சா? ஆறு மணி தாண்டட்டும்."

"சார், பெரிய பிளேயர் சார். இப்பவே போடணும்."

"ஆட்டம் ஏழு மணிக்குத்தான? இன்னும் நேரம் கெடக்கு."

"ஆட்டம் லண்டன்ல சார். அங்க இப்ப மத்தியானம்…"

"பட்டன் எங்க இருக்கு? லண்டன்லயா? கீழ ராஜ வீதிலதான இருக்கு? சொன்னதக் கேளும்மா."

பின்னால் நாதஸ்வரம் கேட்டது. வைத்துவிட்டார்.

அக்காவின் விரல் மவுஸ் மேல் இருந்தது. அமுக்கினால் முதலாளி சொல்லை மீறியது. அமுக்காவிட்டால் அமெரிக்காக்காரனுக்குத் தாமதம். எந்தப் பக்கம் போனாலும் வேலை போகலாம். வேலை போனால், மூலையில் படம் வரைகிற பிள்ளை போகும்.

"நான் அமுக்கட்டுமாக்கா?"

"வேணாம் தம்பி. என் ஐடில நீ அமுக்குனாலும் என் பேருதான் விழும்."

மின்விசிறி நல்ல வேகத்தில் சுற்றியும் அவருடைய மேலுதட்டில் வேர்வை நின்றது. ஜெபம் சொல்கிறார் என்று உதட்டைப் பார்த்தால் தெரிந்தது. ஓர் அருள்நிறைந்த மரியே முடியும்போது கடிகாரத்தைப் பார்ப்பார், அடுத்ததைத் தொடங்குவார். மெர்லின் படத்தைக் கொண்டுவந்து காட்டினாள். அக்கா "நல்லாருக்கு" என்றார். பார்க்கவில்லை.

ஆறு அடித்ததும் அமுக்கினார். கொஞ்ச நேரத்தில் அமெரிக்காவிலிருந்து போன் வந்தது. பிரெண்டா என்கிற அம்மாதான் அந்த ஆப் கம்பெனியில் எங்களைக் கவனிக்கிறவர். எப்போதும் 'ஹாய் டயானா' என்று தொடங்குவார். அன்றைக்கு அது இல்லை. மற்ற ஆப்புகளில் எல்லாம் எப்போதோ வந்துவிட்டதாம், தங்களுடைய வாடிக்கையாளர்கள் கொதிக்கிறார்களாம். தயாரான பட்டியல் ஏன் அரை மணி நேரம் சும்மா கிடந்தது, நாளைக்குப் பதில் வேண்டும், ஒப்பந்தத்தைத் தொடர்வதா என்று அதை வைத்துத்தான் யோசிப்போம் என்று சொல்லி வைத்துவிட்டார்.

போனைக் கீழே வைப்பதற்குள் மறுபடி அடித்தது. மைக்கேல்சாமி.

"வேல இருக்கா?"

அக்கா மூலையில் இருந்த மெர்லினைப் பார்த்தார். "இருக்கு."

மறுநாள் சாயங்காலம் பிரெண்டா கூப்பிடுகிற நேரத்துக்கு முன்னாலேயே அழகுமலை சார் வந்து உட்கார்ந்துவிட்டார். அவருக்கும் பயம்தான், மேஜையில் விரலால் தட்டிக்கொண்டே இருந்தார்.

"நெட்டு போச்சுன்னு சொல்லிரு. முடிஞ்சுச்சு."

"சார், நெட்டு இருந்தது அவங்களுக்குத் தெரியும். நம்ம லாகின் அவங்க பக்கம் தெரியும்."

"அப்ப கரண்டு போச்சுன்னு சொல்லு. புதுக்கோட்டைல கரண்டு போகாதுன்னு அந்தம்மாவுக்கு யாரு சொன்னா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அக்கா முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. வெளுத்துப்போயிருந்தது.

போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டார். பிரெண்டா நேராகக் கேட்டார்: பட்டியல் தயாராக இருந்தது, இணைப்பும் இருந்தது, ஏன் அனுப்பவில்லை?

அக்கா சாரைப் பார்த்தார். சார் கையால் மின்விசிறியைக் காட்டினார், கரண்டு என்று சொல்லச் சொல்லி. அக்கா கண்ணை மூடிக்கொண்டார். பிறகு அவருடைய இங்கிலீஷில், திக்கித் திக்கி, சொன்னார். எங்கள் ஊரில் ஒவ்வொரு நாளும் ஒன்றரை மணி நேரம் ஆகாத நேரம் என்று உண்டு, அதில் புதிதாக எதையும் வெளியே விட மாட்டோம், முன்பு உங்கள் ஆட்டம் அந்த நேரத்தில் வந்ததில்லை, இப்போது வருகிறது, காத்திருந்தது நான்தான்.

அழகுமலை சார் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அந்த நேரம் தினமும் ஒன்றேதானா?" என்று கேட்டார் பிரெண்டா.

"இல்லை. கிழமைக்குக் கிழமை மாறும்."

"அட்டவணையை அனுப்பு. ஐரோப்பா ஆட்டங்களுக்கு நீங்கள் தயார் செய்து வையுங்கள், பட்டனை நாங்கள் இங்கிருந்து அமுக்குகிறோம். மற்றதை சீசன் முடிந்ததும் பேசலாம்."

சார் எழுந்து படியிறங்கிப் போனார்.

"எப்படிக்கா தைரியமா சொன்னீங்க?" என்றேன்.

"தைரியமா? போ தம்பி. பயத்துலதான் சொன்னேன். பொய் சொன்னா அந்தம்மாவுக்கும் பயப்படணும், சாருக்கும் பயப்படணும், இன்னும் யார் யாருக்கோ. சொல்லிட்டா சாருக்கு மட்டுந்தான்."

அந்த வாரம் முழுக்க சார் அவரிடம் பேசவில்லை. ஒவ்வொரு சாயங்காலமும் அக்கா தன் சாப்பாட்டு டப்பா, ஜெபமாலை, மெர்லினின் கலர் பென்சில் எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு போவார், மறுநாள் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டால் எதுவும் விட்டுப்போகக் கூடாதென்று. காலையில் திரும்ப எடுத்து அடுக்குவார்.

கடைசியில் சார் ஆவுடையார்கோவில் ஜோசியரைப் பார்த்துவிட்டு வந்தார். வந்ததும் எல்லாரையும் கூப்பிட்டார்.

"ராகு காலம் சூரிய உதயத்த வச்சுத்தான் கணக்கு. பட்டன அமுக்குற ஊர்ல அப்ப விடியக்காலை. அங்க ராகு காலமே கெடையாது. அதனால தோஷம் இல்ல." பிறகு அக்கா பக்கம் திரும்பாமலே, "உன்ன அனுப்பிட்டா அந்தம்மா யாரக் கூப்புடும்? அதுக்கு உன் பேரு மட்டுந்தான தெரியுது. ஆனா ஒண்ணு, என்னையக் கேக்காம நீ வாயத் தொறந்தது தொறந்ததுதான்" என்றார். அதுவரை அக்காவிடம் இருந்த மேற்பார்வை சீட்டை சுடர்விழி என்கிற பெண்ணுக்குக் கொடுத்தார். அக்கா வாசலோரச் சீட்டுக்கு வந்தார்.

டயானா அக்கா இப்போதும் அந்த வாசலோரச் சீட்டில்தான் இருக்கிறார். ஒப்பந்தம் இன்னொரு சீசனுக்கு நீண்டிருக்கிறது, அதற்குப் பிறகு தெரியாது. மெர்லின் அவரோடுதான் இருக்கிறாள், ஆறாவது படிக்கிறாள். தங்கள் இருவர் பெயரில் தனிக் கார்டுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார், இன்னும் வரவில்லை. மைக்கேல்சாமி இன்னும் போன் போடுகிறார். அக்கா சிலுவை போட்டுக்கொண்டு எடுத்து, இருக்கு என்று சொல்கிறார்.