வெள்ளைக் கோபுரம் தெரிந்த ஜன்னல்

பெண் பார்க்கப் போனபோதுகூட நான் இவ்வளவு விசாரித்ததில்லை. ஸ்ரீரங்கத்தில் ஒரு வீட்டை வாங்குவதென்று முடிவானதும் எனக்குள் ஒரு போலீஸ்காரன் புகுந்துகொண்டான். இந்த வீட்டில் யாராவது அகாலத்தில் போனது உண்டா? கிணற்றுத் தண்ணீர் உப்பா, தித்திப்பா? புழக்கடையில் ராத்திரி நடமாட்டம் உண்டா? நடமாட்டம் என்று நான் கேட்டது மனிதர்களை அல்ல. மனை சாஸ்திரம் தெரிந்தவரைக் கூட்டிவந்து நூல் பிடித்து அளந்தேன். சந்நிதியில் வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியாகப் பொட்டலம் கட்டி வைத்து, ஒரு குழந்தையை விட்டு எடுக்கச் சொன்னேன். வெள்ளை வந்தது. அப்படியும் நம்பாமல், இரண்டிலும் வெள்ளையையே வைத்துவிட்டார்களோ என்று மற்றொரு பொட்டலத்தையும் பிரித்துப் பார்த்தவன் நான்.

இத்தனை ஜாக்கிரதையான மனுஷன் ஒன்றை மட்டும் கேட்கவில்லை. பக்கத்துக் காலி மனையில் என்ன வரப்போகிறது?

அந்தக் காலி மனைக்காகத்தான் வீட்டையே வாங்கினேன். யுத்தம் வருவதற்குச் சில வருஷம் முன்பு, திருச்சியில் ரயில்வே ஆபீசில் குமாஸ்தாவாக இருந்தேன். கோட்டைப் பக்கம் ஒரு வாடகை வீட்டில் குடித்தனம். அந்த வருஷம் என் மனைவிக்கு ஒரு ஜுரம் வந்தது. போகும்போது அவளுடைய கால்களையும் எடுத்துக்கொண்டு போயிற்று. படுத்தால் படுக்கை, தூக்கி உட்கார வைத்தால் நாற்காலி. அவள் அறை ஜன்னலுக்கு வெளியே ஒரு புகையிலைக் கிடங்கின் சுவர். அதைத்தான் பொழுது விடிந்ததும் பார்ப்பாள், பொழுது சாய்ந்ததும் பார்ப்பாள்.

நான் ஆபீஸ் கதைகளைச் சொல்லிச் சிரிக்கவைக்கப் பார்ப்பேன். ஒருநாள் பாதியில் நிறுத்தினாள்.

"ஏன்னா, நீங்க கோமாளித்தனம் பண்றது போதும். படுத்த இடத்துலேர்ந்து ஒரு கோபுரம் தெரியற மாதிரி ஒரு ஆம் பாருங்கோ. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்."

அவள் பிறந்தது ஸ்ரீரங்கத்தில். அவள் கேட்ட கோபுரம் எதுவென்று எனக்குத் தெரியும்.

கிழக்கு வீதிப் பக்கம் அந்த வீட்டைப் பார்த்தேன். உள்ளறையில் தாழ்வான, அகலமான ஜன்னல். வெளியே காலி மனை. அதற்கப்பால் அடியிலிருந்து கலசம் வரைக்கும் வெள்ளைக் கோபுரம். நான் தரையில் மல்லாந்து படுத்துப் பார்த்தேன். தெரிந்தது. இடது பக்கம் ஒருக்களித்துப் பார்த்தேன். தெரிந்தது. வீட்டுக்காரர் கோயில் கைங்கரியக் குடும்பத்தைச் சேர்ந்தவர். நெற்றியில் பளிச்சென்று திருமண், பேச்சில் தேன்.

"ஸ்வாமி, எழுந்திருக்கலாமே. தரை குளிர்ச்சி" என்றார்.

காலி மனையில் அப்போதே கீற்றுத் தட்டி போட்டு மூடின செங்கல் அடுக்கு ஒன்று இருந்தது. அதன்மேல் உட்கார்ந்துதான் காற்றோட்டத்தைப் புகழ்ந்தேன். பக்கத்தில் சுண்ணாம்பு ஊறிக்கொண்டிருந்த ஒரு குழி. பாவம், நமக்காக வீட்டை வெள்ளையடித்துக் கொடுக்கப் போகிறார் என்று உருகிப்போனேன். ஊர் முழுக்க வெள்ளையடிக்கும் அளவுக்கு எதற்குச் சுண்ணாம்பு என்று என்னுடைய போலீஸ்காரனுக்குத் தோன்றவில்லை. அவன் பேய் பிடிக்கப் போயிருந்தான்.

அச்சாரம் கொடுத்தாயிற்று. ஆடி பிறந்துவிட்டால் பத்திரம் எழுத முடியாது, குடிபோக முடியாது. பஞ்சாங்கத்தைப் புரட்டி, ஆனிக் கடைசியில் ஒரு நல்ல நாளைப் பிடித்தேன். காலையில் நல்ல வேளையில் பால் காய்ச்சிவிடுவது, மத்தியானம் ரிஜிஸ்டர் ஆபீஸ். வாடகை வீட்டையும் காலி செய்தோம். நாங்கள் வண்டி ஏறும்போதே புதுக் குடித்தனக்காரரின் அம்மிக்கல் வாசலில் வந்து இறங்கியது.

குதிரை வண்டியில் மெத்தை போட்டு அவளைப் படுக்கவைத்துக் காவேரிப் பாலத்தைக் கடந்தோம். வீட்டுக்குள் தூக்கிப்போய் ஜன்னலோரக் கட்டிலில் விட்டேன். அவள் பார்த்தாள். கை தானாகக் குவிந்தது. என்னிடம் அப்போது எந்தக் கோமாளித்தனமும் கைவசம் இல்லை.

பால் பொங்கிய அதே சமயம் வெளியே நாதஸ்வரம் கேட்டது. கெட்டிமேளத்தோடு.

"நாதஸ்வரம் வேற சொல்லியிருக்கேளா?" என்றாள், முகமெல்லாம் மலர்ந்து.

நான் சொல்லவில்லை. வீட்டுக்காரர்தான் நமக்காக ஏற்பாடு செய்திருக்கிறார், எப்பேர்ப்பட்ட மனுஷர் என்று அங்கவஸ்திரத்தைச் சரி செய்துகொண்டு, கல்யாண மாப்பிள்ளையின் தகப்பனார் போல வெளியே போனேன். மேளக்காரர்களைப் பார்த்துக் கைகூப்பினேன். அவர்கள் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, காலி மனையைப் பார்த்து வாசித்தார்கள். மனையில் மாவிலைத் தோரணம். ஈசானிய மூலையில் குழி. குழியருகே பட்டு வேட்டியில் ஒருவர். திருச்சிப் பெரிய கடைவீதி அரிசி வியாபாரி. அவரும் என்னைப் போலவே பஞ்சாங்கம் பார்த்திருக்கிறார். நல்ல வேளை இரண்டு பேருக்கும் ஒரே வேளையாக இருந்துவிட்டது.

"வாங்க சாமி, வாங்க! நீங்கதான் பக்கத்து வீடா? ரொம்ப சந்தோஷம். இங்க ஒரு சத்திரம் கட்டறோம். ரெண்டு மாடி. ஏகாதசிக்கு வர்ற ஜனங்க பாவம் தெருவில படுக்குதுங்க. நீங்களும் ஒரு கல்லு எடுத்துக் குடுங்க."

கையில் செங்கல்லைத் திணித்தார். நானும் கொடுத்தேன். மேளம் வாசிக்கும்போது மறுக்க யாரால் முடியும்? என் வீட்டு ஜன்னலை அடைக்கும் சுவருக்கு முதல் கல்லில் என் கையும் உண்டு.

வீட்டுக்காரர் கூட்டத்தில்தான் நின்றிருந்தார். அவரை ஓரமாக இழுத்து வந்தேன்.

"இந்த மனை யாரோடது?"

"போன தை வரைக்கும் அடியேனோடது. இப்ப அவரோடது."

"சத்திரம் வரப்போறதுன்னு சொல்லவே இல்லையே!"

"தேவரீர் கேக்கவே இல்லையே. பேய் உண்டான்னு கேட்டேள், இல்லைன்னேன். தண்ணி தித்திப்பான்னு கேட்டேள், ஆமாம்னேன். கேட்டதுக்கு ஒண்ணுக்காவது பொய் சொன்னேனா?"

"அச்சாரத்தைத் திருப்பிக் குடுங்கோ."

"அது பெண்ணோட கல்யாணத்துக்கு ஆயிடுத்து ஸ்வாமி. எல்லாம் பெருமாள் திருவுள்ளம்." கண்ணை மூடிக் கோபுரத்தைச் சேவித்தார். அவருக்குத் தெரிந்தது.

உள்ளே வந்து சொன்னேன். எப்படியாவது தப்பித்துப் போய்விடலாம் என்றும் சொன்னேன். எங்கே போவது என்று எனக்கே தெரியாது. திருச்சி வீட்டில் அந்நேரம் யாரோ சட்னி அரைத்துக்கொண்டிருப்பார்கள்.

"பால் பொங்கிடுத்து. இனிமே இதுதான் ஆம்" என்றாள். "சுவர் ஒரே நாள்ல வளந்துடாது. வளர வரைக்கும் பாக்கறேன்."

மத்தியானம் போய்க் கையெழுத்துப் போட்டேன். மை இரண்டு இடத்தில் சிந்தியது.

அப்புறம் நான் செய்த காரியங்களை இன்று நினைத்தாலும் கூசுகிறது. வக்கீலைப் பார்த்தேன். பகவானைத் தேடி வரும் யாத்ரீகர்களுக்கு நிழல் கொடுக்கக்கூடாது என்று எந்தக் கோர்ட்டில் சொல்வது, நீரே சொல்லும் என்றார். மழைக்கு வேண்டிக்கொண்டேன். பெய்தது, காவேரிக்கு மேற்கே எங்கேயோ. தெற்கு வாசலுக்குப் போய், எத்தனையோ தலைமுறையாக அரைகுறையாக நிற்கும் மொட்டைக் கோபுரத்தின் கீழே நின்று கும்பிட்டேன். ராஜாக்கள் ஆரம்பித்ததே முடியாத ஊர் இது. ஒரு அரிசிக்காரர் ஆரம்பித்ததா முடியப்போகிறது?

கடைசியில் கொத்தனாரைக் கைக்குள் போட்டுக்கொள்ள ஒரு யுக்தி செய்தேன். காலையும் சாயங்காலமும் வேலையாட்களுக்கெல்லாம் காபி, வெற்றிலை, புகையிலை. உட்கார்ந்து வம்பளந்தால் வேலை ஓடாது என்று கணக்கு. என்னுடைய ஹாஸ்யம் முழுவதையும் சாரத்தின் அடியில் கொட்டினேன். அவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரித்துவிட்டு மேலே ஏறினார்கள்.

"உங்க காபிக்கே இன்னும் ரெண்டு வரி கல்லு ஏத்திடலாங்க சாமி!" என்றார் கொத்தனார். "வேற எடத்துல வேலைன்னா ஆளுங்க ஒரு நா வருவாங்க, ஒரு நா வரமாட்டாங்க. இங்கன்னா விடியறதுக்குள்ள வந்து நிக்கறாங்க. ஐப்பசி மழைக்கு முந்தியே சுவரை முடிச்சிடுவோம் பாருங்க."

முடித்தார்கள்.

அவள் கட்டிலிலிருந்து தினமும் எனக்குச் செய்தி சொல்வாள். முதலில் கோபுர வாசல் போயிற்று. பிறகு கீழ்நிலைகள் ஒவ்வொன்றாக. ஆவணியில் தலையணை ஒன்று கூடுதலாகக் கேட்டாள். பிறகு இன்னொன்று. கட்டில் காலுக்கடியில் செங்கல் வைத்து உயர்த்தினேன். செங்கல்லை அங்கேயிருந்துதான் கேட்டு வாங்கினேன், கொத்தனார் சந்தோஷமாகக் கொடுத்தார். அவர் சுவர் உயர, நான் கட்டிலை உயர்த்த, யார் ஜெயிப்பார்கள் என்பது எனக்கும் அவளுக்கும் தெரியும். கலசம் மட்டும் மிச்சமிருந்த சில நாட்கள் அவள் பேச்சைக் குறைத்துக்கொண்டாள், பேசினால் பார்க்கும் நேரம் குறைந்துவிடும் என்பது போல.

ஒரு சாயங்காலம் ஆபீசிலிருந்து வந்தபோது ஜன்னல் முழுக்கச் செங்கல். புகையிலைக் கிடங்குச் சுவராவது பழையது, பாசி படிந்திருந்தது. இது பச்சைச் சுவர், சிவப்பாக.

"ஸ்ரீரங்கத்துச் சுவராக்கும், புண்ணியம் ஜாஸ்தி" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை.

"அந்த ஜன்னலைச் சாத்திடுங்கோ. சத்திரத்து அடுப்புப் புகை உள்ள வரது. கண்ணைக் கரிக்கறது" என்றாள்.

சாத்தினேன். சத்திரத்தில் அன்றைக்கு இன்னும் மேல்தளமே போட்டிருக்கவில்லை. அடுப்பு வைக்க அவர்களுக்கு மாசிவரை ஆயிற்று.